எத்தனை பர்சென்ட் அடைப்பு?

கழுத்து டாப்ளர் எடுத்துக்கொண்டு வந்தவரிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. இதயத்துக்கு ஆஞ்சியோ எடுக்க ஆரம்பித்த காலத்திலிருந்தே பழகிப்போன கணக்கு அது. 40 என்றால் மூச்சு விடலாம். 70 என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த எண்ணைத் தேடிப் பிடித்துவிட்டால் ரிப்போர்ட்டின் மற்ற வரிகளை யாரும் படிப்பதில்லை. சில ரிப்போர்ட்டுகளில் அதே பக்கத்தில் வேறொரு வரி இருக்கும்: ‘இடது பல்பில் சாஃப்ட் பிளாக்’. இந்தக் கட்டுரை அந்த வரியைப் பற்றியது. ஏனென்றால் கடந்த முப்பது ஆண்டுகளில் கழுத்துத் தமனியைப் படமெடுக்கும் மருத்துவம், அடைப்பின் அளவிலிருந்து மெல்ல நகர்ந்து, அடைப்புக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நாம்தான் இன்னும் பர்சென்ட்டில் நிற்கிறோம்.

தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பக்கவாட்டில் விரலை வைத்தால் துடிப்பது கரோட்டிட் தமனி. குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகிறது. உள்கிளை கழுத்தில் யாருக்கும் பங்கு கொடுக்காமல் நேரே மண்டைக்குள் ஏறி, கண்ணுக்கும் மூளைக்கும் ரத்தம் தருகிறது. பிரியும் இடத்தில் குழாய் கொஞ்சம் புடைத்திருக்கும். டாக்டர்கள் அதை பல்ப் என்பார்கள். வேகமாக வரும் ரத்தம் கவட்டையின் உட்புறத்தை ஒட்டிப் பாய்ந்துவிடுகிறது. புடைத்த வெளிப்புறச் சுவரில் ரத்தம் மந்தமாகி, ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் பின்னோக்கியும் சுழல்கிறது. கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுவது பெரும்பாலும் அங்கேதான். குழாயின் உட்பரப்பில் ஒட்டிக்கொள்வது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அது சுவரின் உள்ளடுக்குக்குள் போய்த் தங்குகிறது. அதைத் தின்று தீர்க்க வரும் வெள்ளணுக்கள் தின்ற இடத்திலேயே செத்துக் குவிகின்றன. கூழாகிப்போன அந்தக் குவியலின் மேல் நார்த்திசு ஒரு மூடி போடுகிறது. இந்தப் படிவைத்தான் ரிப்போர்ட் ‘பிளாக்’ (plaque) என்கிறது.

கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு தடிமனாக இருந்தால் எவ்வளவு பூரணம் வைத்தாலும் பிரச்சினை இல்லை. மெல்லிசாக இருந்தால் ஆவியிலேயே வாய் பிளந்துவிடும். கழுத்தில் அந்த மூடி பிளந்தால் உள்ளிருக்கும் கொழுப்புக் கூழ் ரத்தத்தைத் தொடுகிறது, தொட்ட இடத்தில் ரத்தம் உறைகிறது, உறைந்த துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போகிறது. கரோட்டிட்டால் வரும் பக்கவாதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. குழாய் இறுகி ரத்தம் வற்றுவதால் வருபவை குறைவு. மூளைக்கு ரத்தம் கொண்டுவரும் நான்கு தமனிகளும் சேரும் ஒரு வளையம் மூளையின் அடியில் இருக்கிறது. ஒரு பக்கம் மெதுவாக முழுக்க அடைபட்டாலும், மறுபக்கத்து ரத்தம் அந்த வளையத்தின் வழியாக வந்து ஈடுகட்டிவிடும். ஒரு கரோட்டிட் நூறு சதவீதம் அடைத்தும் எதுவுமே தெரியாமல் நடமாடும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

கண் காட்டிக்கொடுத்த கழுத்து

கழுத்துக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள உறவை உலகம் நம்ப ஆரம்பித்ததே 1951-க்குப் பிறகுதான். கனடாவின் மாண்ட்ரியலில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர் இருந்தார். உடம்பின் ஒரு பக்கம் விழுந்துபோன நோயாளி ஒருவர், அதற்கு முன்பு தனக்கு ஒரு கண் அவ்வப்போது இருண்டுபோனதாகச் சொன்னார். விழுந்த பக்கத்துக் கண் அல்ல, எதிர்ப்பக்கத்துக் கண். கேட்டால் பொருந்தாத பேச்சு போலத்தான் இருக்கும். ஃபிஷர் அதைத் தள்ளிவிடவில்லை. வலது மூளை இயக்குவது இடது உடம்பை. ஆனால் வலது மூளைக்கும் வலது கண்ணுக்கும் ரத்தம் தருவது ஒரே கரோட்டிட். அப்படியானால் கோளாறு இரண்டுக்கும் கீழே, கழுத்தில் இருக்க வேண்டும். பிரேதப் பரிசோதனைகளில் கழுத்துத் தமனிகளை வெட்டிப் பார்த்தார். அடைப்பு இருந்தது. பக்கவாதம் என்றால் மூளையை மட்டும் திறந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

1959-இல் இன்னொன்றும் செய்தார். கண் இருண்டிருந்த அந்தச் சில நிமிடங்களிலேயே ஒருவரின் விழித்திரையைக் கருவியால் பார்த்து, அங்குள்ள நுண்குழாய்களில் வெண்மையான துணுக்குகள் நகர்ந்துபோவதைக் கண்டு எழுதினார். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹாலன்ஹார்ஸ்ட் என்ற கண் மருத்துவர், விழித்திரைக் குழாய்களில் மஞ்சளாக மின்னும் கொலஸ்ட்ரால் பளிங்குகளைப் பற்றி விவரமாக எழுதினார். கழுத்தில் இருக்கும் கொழுப்பை, எந்த ஸ்கேனும் இல்லாமல், மனிதக் கண் நேரில் பார்க்கும் ஒரே இடம் அதுதான்.

படமெடுக்கும் வேலை அதற்கு முன்பே லிஸ்பனில் தொடங்கியிருந்தது. 1927-இல் ஏகாஸ் மோனிஸ், கழுத்தைக் கீறித் தமனியில் மருந்தைச் செலுத்தி, மூளையின் ரத்தக் குழாய்களை எக்ஸ்ரேயில் கொண்டுவந்தார். (பிற்பாடு நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது இதற்காக அல்ல, மூளை நரம்புகளை அறுக்கும் அறுவைக்காக. நோபல் குழு இன்றைக்கும் நெளிய வேண்டிய பரிசு அது.) ஆஞ்சியோ என்று நாம் சொல்லும் சோதனையின் மூதாதை இது. இதற்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு: மருந்து கலந்த ரத்தத்தை மட்டும்தான் காட்டும். சுவரைக் காட்டாது.

பர்சென்ட் கணக்கு இந்தப் படத்தின் குழந்தை. 1991-இல் வட அமெரிக்காவின் ‘நாசெட்’ ஆய்வு வெளியானது. ஏற்கெனவே சிறு பக்கவாதம் வந்து, கழுத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. குழாயைத் திறந்து கொழுப்பை வழித்தெடுத்தவர்களில் அது 9 சதவீதம். இவ்வளவு தெளிவான வித்தியாசம் மருத்துவத்தில் அடிக்கடி கிடைக்காது. அன்றிலிருந்து 70 என்பது ஒரு கோடாகிவிட்டது.

ஆனால் எதில் 70? நாசெட்காரர்கள், இறுகிய இடத்தை அதற்கு மேலே உள்ள நல்ல குழாயோடு ஒப்பிட்டார்கள். அதே காலத்தில் இதே கேள்வியை ஆராய்ந்த ஐரோப்பியர்கள், அந்த இடத்தில் குழாய் முதலில் எவ்வளவு அகலமாக இருந்திருக்கும் என்று ஊகித்து அதோடு ஒப்பிட்டார்கள். அதனால் நாசெட் கணக்கில் 50 சதவீதம் இருக்கும் குழாய், ஐரோப்பியக் கணக்கில் ஏறக்குறைய 75. நாசெட்டின் 70, அவர்களுக்கு 85. ஆள் ஒருவர், கழுத்து ஒன்று, படமும் ஒன்று. பர்சென்ட் மட்டும் இரண்டு. அடுத்த முறை ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்த்து வெலவெலத்துப் போவதற்கு முன், எந்தக் கணக்கு என்று கேட்பது தப்பில்லை.

இருட்டறையில் பதினைந்து நிமிடம்

இன்று இந்த வேலையின் பெரும்பகுதியை அல்ட்ராசவுண்டே செய்கிறது. மருந்து ஏற்ற வேண்டாம், கதிர்வீச்சு கிடையாது. படுக்கச் சொல்லி, தோளுக்குக் கீழே தலையணையைத் தள்ளி, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்வார்கள். ஜெல் சில்லென்று படும். கருவியின் முனை காறை எலும்பிலிருந்து தாடை வரைக்கும் ஊர்ந்து போகும். நல்ல தமனியின் சுவர் திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். நடுவில் மெல்லிய கறுப்பு. பிரியும் இடத்துக்கு மேலே போனதும், இரண்டு கிளைகளில் மூளைக்குப் போவது எது என்பதில் குழப்பம் வரலாம். அப்போது சோதனை செய்பவர் இன்னொரு கையால் உங்கள் காதுக்கு முன்னால், பொட்டுப் பக்கம் துடிக்கும் இடத்தில் டக் டக்கென்று தட்டுவார். வெளிக்கிளையாக இருந்தால், தட்டிய அதிர்வு திரையில் ஓடும் அலையில் பல்லு பல்லாக விழும். லட்சக்கணக்கில் விலைபோகும் மெஷினுக்கு விரல்தான் வழி சொல்கிறது.

அப்புறம் ‘ஷ்ஷ்... ஷ்ஷ்’ என்ற சத்தம். அதுதான் டாப்ளர். 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் பிராகா நகரில் இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி எழுதிய கட்டுரை, எங்கோ சுற்றி நம் கழுத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து வேகம் கிடைக்கிறது. இறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். உச்ச வேகம் விநாடிக்கு 125 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் அடைப்பு 50 சதவீதத்துக்குள். 230-ஐத் தாண்டினால் 70-க்கு மேல். இரண்டுக்கும் நடுவில் 50 முதல் 69 வரை. அமெரிக்காவில் அல்ட்ராசவுண்ட் நிபுணர்கள் கூடிப் பேசி 2003-இல் வெளியிட்ட இந்த அட்டவணை பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதாவது, நாம் கேட்கும் அந்த பர்சென்ட் பெரும்பாலும் நேராக அளந்ததே அல்ல. வேகத்தை அளந்து, அட்டவணையில் பார்த்து எழுதியது. ஒலிக்கற்றையின் கோணம் 60 டிகிரியைத் தாண்டினால் வேகமே தப்பாகிவிடும். ஒரே வாரத்தில் இரண்டு சென்டரில் எடுத்து, ஒன்றில் 55, இன்னொன்றில் 70 என்று வந்தால், இரண்டில் ஒன்று ஏமாற்று என்று நினைக்க வேண்டியதில்லை.

கொழுப்பை இந்தப் படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை வைத்துத்தான். சுண்ணாம்பு ஏறிய படிவு பளீரென்று வெள்ளையாகத் தெரியும், பின்னால் நிழலும் விழும். நார்த்திசு சாம்பல். கொழுப்பும் ரத்தக் கசிவும் கறுப்பு. ஓடும் ரத்தமும் கறுப்புதான் என்பதால், ஆபத்தான படிவு பல நேரம் கண்ணுக்கே தெரியாது. கலர் போட்ட பிறகு, சிவப்பு நிரம்பாமல் விடுபட்ட ஓர் ஓரமாக மட்டும் தெரியவரும். திரையை எட்டிப் பார்க்கும் நோயாளிகள் பயப்படுவது அந்த வெள்ளைக் கட்டியைப் பார்த்து. பயப்பட வேண்டியது பெரும்பாலும் அந்தக் கறுப்புக்குத்தான். கறுப்பு என்றால் எவ்வளவு கறுப்பு? மெஷினில் ஒரு திருகைத் திருப்பினால் எல்லாம் மாறிப்போகுமே. அதனால் ஆய்வாளர்கள் ஓடும் ரத்தத்துக்குச் சுழியமும், குழாயின் வெளிப்போர்வைக்கு 190-ம் என்று இரண்டு முனைகளை நிறுத்திக்கொண்டு, நடுவில் படிவு எங்கே விழுகிறது என்று கணக்கிடுகிறார்கள். குறைந்த எண் வந்தால் கொழுப்பு மிகுதி என்று பொருள். அன்றாட ஸ்கேன் சென்டரில் இதைச் செய்ய நேரம் இருப்பதில்லை. ‘சாஃப்ட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

சுவருக்குள் எட்டிப் பார்த்தவர்கள்

பர்சென்ட்டின் மீது முதல் பெரிய சந்தேகத்தைக் கிளப்பியவர் சிகாகோவின் நோய்க்குறியியல் மருத்துவர் சீமூர் கிளாகோவ். 1987-இல், இறந்தவர்களின் இதயத் தமனிகளை அளந்து அவர் காட்டியது இது: படிவு வளர வளரக் குழாய் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. உள்ளிருக்கும் பரப்பில் 40 சதவீதத்தைப் படிவு பிடித்துக்கொள்ளும் வரை ஓட்டை சுருங்குவதே இல்லை. ஆஞ்சியோவில் ‘நார்மல்’ என்று வரும் குழாயின் சுவர் கொழுப்பு மண்டிக் கிடக்கலாம்.

அப்படியானால் சுவரைப் பார்க்க வேண்டும். அதற்கு எம்.ஆர்.ஐ. வந்தது. ஓடும் ரத்தத்தின் ஒளியை அணைத்துவிட்டு, சுவரை மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டும் முறைகளை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சுன் யுவான் குழுவினர் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்தார்கள். அவர்களுக்குக் கழுத்து ஒரு பெரிய வசதியைக் கொடுத்தது. கரோட்டிட் அறுவையில் படிவு பெரும்பாலும் ஒரே துண்டாக வெளியே வந்துவிடும். முந்தின நாள் படம், மறுநாள் கையில் பொருள். மெல்லிய சீவல்களாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்து, படத்தில் கொழுப்பு என்று சொன்ன இடத்தில் நிஜமாகவே கொழுப்பு இருந்ததா என்று அருகருகே வைத்துச் சரிபார்த்தார்கள். உயிரோடு இருப்பவரின் இதயத் தமனியில் இப்படிச் செய்துபார்க்க வழியே இல்லை.

எம்.ஆர்.ஐ. மூன்று விஷயங்களைப் பிரித்துச் சொல்கிறது: கொழுப்புக் கரு எவ்வளவு பெரிது, மேல்மூடி மெல்லிசா, கிழிந்ததா, படிவுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா. கசிந்த ரத்தம் மெத்ஹீமோகுளோபினாக மாறி ஒருவகைப் படத்தில் பளிச்சென்று ஒளிரும். மூன்றிலும் சுலபமாகக் கண்ணில் படுவது அதுதான். 2013-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கொழுப்புக் கரு இருந்தவர்களுக்குப் பக்கவாதமோ அதன் முன்னறிவிப்போ வரும் அபாயம் சுமார் 3 மடங்கு, ரத்தக் கசிவு இருந்தவர்களுக்கு 4.6 மடங்கு, மூடி மெலிந்தோ கிழிந்தோ இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 6 மடங்கு என்று வந்தது. சிரமமும் இல்லாமல் இல்லை. அரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். எச்சில் விழுங்கினாலே கழுத்து அசைந்து படம் கலங்கிவிடும். விழுங்காதீர்கள் என்று சொன்ன பிறகுதான் தொண்டை வறளும்.

சி.டி. இதற்கு நேர்மாறு. விநாடிகளில் முடிந்துவிடும், அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும். 1971-இல் லண்டன் பக்கம் முதல் நோயாளியைப் படமெடுத்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரிலேயே அதன் அலகு இருக்கிறது. படிவு 60 அலகுக்குக் கீழே என்றால் கொழுப்பு, 60 முதல் 130 வரை நார், அதற்கு மேல் சுண்ணாம்பு என்று பொதுவாகப் பிரிக்கிறார்கள். கொழுப்பையும் கசிந்த ரத்தத்தையும் பிரிப்பதில் மட்டும் அது தடுமாறும். இதையெல்லாம் சேர்த்து, 2024-இல் இத்தாலியின் சார்டினியாவைச் சேர்ந்த லூகா சாபா தலைமையில் ஒரு சர்வதேசக் குழு, கரோட்டிட் படிவுகளுக்கு 1 முதல் 4 வரை ஒரு தரவரிசை போட்டது. படிவுக்குள் ரத்தக் கசிவோ, கிழிந்த மூடியோ, ஒட்டிக்கொண்ட ரத்தக் கட்டியோ இருந்தால் 4. அந்த வரிசையில் பர்சென்ட் ஒரு அளவுகோலே அல்ல. 30 சதவீத அடைப்புக்காரரும் 4-இல் வரலாம்.

மருந்து சாப்பிட்டால் இந்தப் படம் மாறுமா? மாறுகிறது, ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அல்ல. 2008-இல் வெளிவந்த ‘ஓரியன்’ என்ற சிறிய ஆய்வில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடின் மாத்திரையை இரண்டு ஆண்டு கொடுத்துவிட்டு மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். சுவரின் மொத்த அளவு அப்படியே இருந்தது. ஆனால் கொழுப்புக் கரு இருந்தவர்களிடம், சுவரில் அது பிடித்திருந்த பங்கு சுமார் 41 சதவீதம் குறைந்திருந்தது. ‘ரெண்டு வருஷமா மாத்திரை முழுங்கறேன், அடைப்பு ஒரு பர்சென்ட்கூட குறையலையே’ என்று ஸ்டாடினை நிறுத்திவிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பேக்கேஜில் வரும் கழுத்து

அப்படியானால் ஐம்பது வயதான எல்லோரும் போய் ஸ்கேன் எடுத்துவிடலாமா? மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜுகள் அப்படித்தான் சொல்கின்றன. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்குக் கழுத்து அடைப்பைத் தேடி ஸ்கேன் வேண்டாம் என்று 2021-இலும் மறுபடி சொன்னது. கடுமையான அடைப்பு உள்ளவர்கள் சிலர்தான். தப்பாக ‘இருக்கிறது’ என்று வரும் ரிப்போர்ட்டுகளும், அதன் பின்னால் வரும் தேவையில்லாத அறுவைகளும் அந்தச் சிலருக்குக் கிடைக்கும் நன்மையை விழுங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. சுவரின் தடிமனை மட்டும் அளக்கும் சோதனையும் இப்படித்தான் ஏறி இறங்கியது. சென்னையில் தி.நகர், திருமங்கலம் பகுதி மக்களிடம் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய ஆய்வில், சர்க்கரை நோயாளிகளின் கரோட்டிட் சுவர் சராசரி 0.95 மில்லிமீட்டர், மற்றவர்களுக்கு 0.74 என்று 2000-இல் எழுதினார்கள். கூட்டத்தைப் புரிந்துகொள்ள அருமையான அளவு அது. தனி ஆளின் தலையெழுத்தைச் சொல்ல அது போதவில்லை. 2010-இல் அதை ஏற்ற அமெரிக்க இதய மருத்துவ வழிகாட்டுதல், 2013-இல் வழக்கமான பயன்பாட்டுக்கு வேண்டாம் என்று கைவிட்டது.

நம் ஊருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வெள்ளையரோடு ஒப்பிட்டால் ஆசியர்களுக்கு மண்டைக்குள் இருக்கும் குழாய்களிலேயே அடைப்பு வருவது அதிகம். கழுத்து டாப்ளர் அங்கே எட்டிப் பார்க்காது. ‘கழுத்து க்ளியர்’ என்ற ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பி.பி. மாத்திரையை விட்டவர்கள் கதை எந்த நரம்பியல் மருத்துவரிடம் கேட்டாலும் கிடைக்கும்.

ஆனாலும் படத்துக்கு ஒரு சக்தி இருக்கிறது. வட ஸ்வீடனின் வெஸ்டர்போட்டன் மாகாணத்தில் 3,532 பேருக்குக் கரோட்டிட் ஸ்கேன் எடுத்தார்கள். எல்லோரும் 40, 50, 60 வயதுக்காரர்கள். பாதிப் பேருக்கும் அவர்களுடைய டாக்டர்களுக்கும் முடிவைப் படமாக அனுப்பினார்கள்: பச்சையிலிருந்து சிவப்பு வரை போகும் ஒரு பட்டையில் உங்கள் ரத்தக் குழாயின் வயது எங்கே நிற்கிறது, படிவு உண்டா இல்லையா என்பதற்கு ஒரு சிக்னல் விளக்கு. அப்புறம் ஒரு நர்ஸ் போனில் பேசினார். மற்றப் பாதிப் பேருக்குப் படம் போகவில்லை. ஒரு வருடம் கழித்து, படம் பார்த்தவர்களின் இதய நோய் அபாயக் கணக்கு இறங்கியிருந்தது, பார்க்காதவர்களுக்கு ஏறியிருந்தது. யாருடைய படம் மோசமாக இருந்ததோ அவர்களிடம்தான் பலன் அதிகம். அந்தப் படத்தில் பர்சென்ட் கிடையாது.

அறிகுறியில்லாதவர்களின் கடும் அடைப்பை என்ன செய்வது என்பது இன்றும் சூடான சண்டைதான். 2025 நவம்பரில் வந்த ‘கிரெஸ்ட்-2’ ஆய்வு, தொடக்க வாரங்களில் வந்த பக்கவாதமோ மரணமோ, அதன் பிறகு நான்கு ஆண்டு வரை அதே பக்கத்தில் வந்த பக்கவாதமோ சேர்த்து, நல்ல மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்களுக்கு 2.8 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 6 சதவீதம் என்றது. அறுவையை மருந்தோடு ஒப்பிட்ட பகுதியில் வித்தியாசம் நிச்சயமாகத் தெரியவில்லை. மருந்து மட்டும் எடுத்த 100 பேரில் 94 பேருக்கு அந்த நான்கு ஆண்டில் இவற்றில் எதுவும் நேரவில்லை. சுவரின் உட்புறத்தைப் பார்த்து அந்த 6 பேரை முன்கூட்டியே பிரித்தெடுக்க முடியுமானால், மற்ற 94 பேரின் கழுத்தில் கைவைக்கவே வேண்டாம். சுவரைப் படமெடுப்பவர்கள் இவ்வளவு பாடுபடுவது அதற்காகத்தான்.

சண்டையே இல்லாத இடம் ஒன்று உண்டு: ஒரு கண்ணில் திரை விழுந்தது போலச் சில நிமிடம் இருண்டு சரியானவர், வாய் குழறி, கை மரத்து, ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டவர். ‘சரியாயிடுச்சே, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்’ என்று வீட்டில் சொல்வது இவரிடம்தான். 50 சதவீதத்துக்கு மேல் அடைப்புள்ள இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தால், 5 பேருக்குச் செய்வதில் ஒருவருக்குப் பக்கவாதம் தவிர்க்கப்படுகிறது. 12 வாரம் கழித்துச் செய்தால், அந்த ஒருவருக்காக 125 பேரைக் கீற வேண்டும் என்று ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ராத்வெல் 2004-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்று வருடம் கழித்து அவர் குழுவினரே வெளியிட்ட இன்னோர் ஆய்வில், இத்தகைய நோயாளிகளை முன்பதிவு இல்லாமல் உடனே பார்த்து, அன்றே சிகிச்சையைத் தொடங்கியிருந்தார்கள். 90 நாளுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் 10.3 சதவீதத்திலிருந்து 2.1-க்கு இறங்கினார்கள். அதில் புது மருந்தும் இல்லை, புது மெஷினும் இல்லை.